மலையேறிய மிதிவண்டியும் அதைப் பேணியவர்களும்

2019ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனி நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபிரைபர்க் நகரில், என் தம்பி மகன் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அந்நகரின் கிழக்கு எல்லையிலேயே, 'கருங்காடு' என்று பொருள்படும் பெயர்கொண்ட மலைநாடு தொடங்கிவிடுகிறது. கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் குன்றுவதில்லை. வேலையிலிருந்து திரும்பியதும் அவன் தன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடுவான். வானம் மங்கும் நேரத்தில் திரும்புவான்.

போவதும் வருவதும் எனக்கு வியப்பாக இல்லை. வந்த பிறகு அவன் செய்த காரியம்தான் வியப்பூட்டியது. வண்டியைக் கட்டடத்தின் நிலவறையில் பூட்டி வைப்பான். பிறகு அதன் சட்டத்தில் பொருத்தியிருந்த கருநிறப் பெட்டி ஒன்றைச் சாவியிட்டுக் கழற்றி, உறங்கும் குழந்தையைத் தூக்கிச் செல்பவனைப்போல இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவான்.

"அதை ஏனப்பா நாள்தோறும் சுமக்கிறாய்? வண்டியிலேயே இருக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திருடனுக்கு வண்டியைவிட இதைக் கழற்றுவது எளிது, பெரியப்பா. வண்டி விலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இது. அதோடு, வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது" என்றான்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். எந்தப் பொருளைக் கண்டாலும் 'இதை யார் கண்டுபிடித்தார்? எந்த ஆண்டில்?' என்று கேட்பது என் தொழில் எனக்குத் தந்த பழக்கம். அன்று என் மனத்தில் எழுந்த வினா வேறாக இருந்தது. ஒரு மிதிவண்டி தன் உடையவனிடம் இத்தனை பணிவிடையைக் கேட்கத் தொடங்கியது எப்போது? கண்டுபிடித்தவர்களின் வரலாறு நூலகங்களில் நிரம்பக் கிடக்கிறது. வாங்கியவர்கள், துடைத்தவர்கள், எண்ணெய் இட்டவர்கள், பூட்டி வைத்தவர்கள் ஆகியோரின் வரலாற்றை எழுதியவர்கள் மிகச் சிலரே. மலையேறும் மின்விசை மிதிவண்டியைப் பற்றி, அந்த இரண்டாவது வரலாற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இயன்ற அளவு சொல்ல விரும்புகிறேன்.

அவ்வண்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். தடித்த, முள்முள்ளான டயர்கள். கல்லிலும் வேரிலும் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் விற்சுருளோ காற்றுக்குழாயோ பொருந்திய முன்கவை. மிதிகட்டைகள் சுழலும் இடத்தில் ஒரு சிறு மோட்டார். அதற்கு மின்சாரம் தரும் பாட்டரிப் பெட்டி. மிதித்தால்தான் மோட்டார் ஓடும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். சாதாரண மலைமிதிவண்டி 13 அல்லது 14 கிலோ எடை இருக்குமானால், மின்விசை பெற்றது 22 முதல் 25 கிலோ வரை இருக்கும். இந்தக் கூடுதல் எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பலமுறை குறுக்கிடும்.

மிதிவண்டிக் குலத்தின் மூதாதை பிறந்தது அதே மாநிலத்தில்தான். 1817 ஜூன் 12 அன்று, மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மரவண்டி ஒன்றில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி ஊருக்கு வெளியே சென்று திரும்பினார். மிதிகட்டை இல்லை, சங்கிலி இல்லை, கழன்று போவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் வண்டி இன்றைய உருவத்தை அடைந்தது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் காவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவரின் 'ரோவர்' வண்டி, சமமான இரு சக்கரங்களோடும் பின்சக்கரத்தை ஓட்டும் சங்கிலியோடும் வெளிவந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இம்மூன்றும் நீங்கள் பாடநூலில் படித்தவையாக இருக்கலாம். நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்றே. சங்கிலி வந்த அன்று, எண்ணெய்க் கிண்ணமும் வந்தது. காற்று டயர் வந்த அன்று, காற்றுப் பம்பும் ஒட்டுப்போடும் இரப்பரும் கூடவே வந்தன. வண்டி பெற்ற வசதி ஒவ்வொன்றும் உடையவனுக்கு ஒரு வேலையைத் தந்துவிட்டே வந்தது.

அதே மாநிலத்தில், ஹார்ட்ஹைம் என்ற சிற்றூரில் 1860இல் பிறந்த இக்னாஸ் ஷ்வின் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1895இல் சிகாகோ நகரில் ஒரு கூட்டாளியுடன் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கினார். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வண்டி வாங்குவோர் அருகியபோது, அந்நிறுவனம் 1933இல் ஒரு புதுமை செய்தது. இரண்டு அங்குலத்திற்கும் சற்று மிகுந்த அகலமுள்ள 'பலூன்' டயரைப் பூட்டி, சிறுவர்கள் படிக்கட்டிலும் பள்ளத்திலும் இறக்கினாலும் உடையாத கனத்த வண்டிகளைச் செய்து விற்றது. செய்தித்தாள் போடும் பையன்களுக்காகச் செய்யப்பட்ட அவ்வண்டிகள்தாம், நாற்பது ஆண்டுகள் கழித்து, எவரும் எதிர்பாராத வகையில் மலைமிதிவண்டியின் பெற்றோர் ஆயின.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மாரின் என்று ஒரு மாவட்டம் உண்டு. டமல்பாயிஸ் என்ற மலை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 1970களில் அந்தப் பகுதி இளைஞர் சிலர் பழைய சாமான் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் தேடி, துருவேறிக் கிடந்த பலூன் டயர் வண்டிகளைச் சில டாலருக்கு வாங்கினார்கள். அவற்றுள் ஷ்வின் நிறுவனத்தின் 'எக்செல்சியர்' வகைக்குத் தனி மதிப்பு இருந்தது. தேவையற்ற தகடுகளையும் மணிகளையும் கழற்றி எறிந்தார்கள், பழுது பார்த்தார்கள், தள்ளிக்கொண்டோ, சரக்கு வண்டியில் ஏற்றியோ மலையுச்சிக்குக் கொண்டுபோய்க் கீழ்நோக்கி ஓட்டினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் இக்கூட்டத்தில் நினைவில் நிற்கும் பெயர்கள்.

1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கருகே ஒரு மண்பாதையில் அவர்கள் முதல் பந்தயம் வைத்தார்கள். பாதையின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், அதற்குள் 400 மீட்டர் இறக்கம். அந்தப் பழைய வண்டிகளின் தடை பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே இருந்தது. மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் அது பிடிக்கும். அத்தகைய சரிவில் முழுநேரமும் தடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும்? குடம் கொதிக்கும், உள்ளே இட்டிருந்த கிரீஸ் உருகிப் புகையாய்ப் போகும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் குடத்தைப் பிரித்து, துடைத்து, புதிய கிரீஸை நிரப்பினால்தான் வண்டி மறுபடி ஓடும். ஆகவே அப்பாதைக்கு 'ரீபேக்' என்ற பெயரே நிலைத்தது. 'மீண்டும் நிரப்பு' என்பது அதன் பொருள்.

இச்செய்தியை நான் முதலில் படித்தபோது புன்னகை செய்தேன். நான் பள்ளியில் படித்த நாளில், எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை 'ஓவராயில்' செய்யக் கொடுப்போம். கடைக்காரர் குடத்தைப் பிரித்து, குண்டுகளை ஒரு தகரத் தட்டில் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் கிரீஸ் அப்பி, ஒவ்வொரு குண்டாக எடுத்து வைப்பார். ஒரு குண்டு உருண்டு மண்ணில் விழுந்தால் தேடித் தருவது எங்கள் பொறுப்பு. மாரின் இளைஞர்கள் செய்ததும் அதே வேலைதான். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்ததை அவர்கள் மலையிறங்கும் ஒவ்வொரு முறையும் செய்தார்கள். உலகத்தில் எத்தனையோ பந்தயப் பாதைகள் வீரர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பராமரிப்பு வேலையின் பெயரைத் தாங்கிய பந்தயப் பாதை, எனக்குத் தெரிந்தவரை, இது ஒன்றுதான்.

அதற்குப் பின் நடந்தவை விரைந்து நடந்தன. 1977இல் ஜோ பிரீஸ் பழைய சட்டங்களை விட்டு, குரோமிய எஃகுக் குழாய்களால் மலைக்கென்றே புதிய சட்டம் கட்டினார். அவர் கட்டிய முதல் வண்டி இன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்கு உரியது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு, 'மௌன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் விற்பனை தொடங்கினர். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி பெருமளவில் உற்பத்தியாகிக் கடைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. பழைய சாமான் கடையிலிருந்து ஒலிம்பிக் வரை இருபதே ஆண்டுகள்.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம். அது மலையின் கதையைவிட மூத்தது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளையும் அமிலத்தையும் கொண்டு மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடிய பாட்டரியை உருவாக்கினார். 1881இல் குஸ்தாவ் துரூவே பாரிஸ் தெருவில் மின்சார மூன்றுசக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1895 டிசம்பர் 31 அன்று, அமெரிக்கரான ஆக்டன் போல்டன் என்பவர் மின்விசை மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஷ்வின் தொழிற்சாலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள். போல்டனுடைய வரைபடத்தில் மோட்டார் பின்சக்கரத்தின் குடத்திலும், பாட்டரி சட்டத்தின் நடுவிலும் அமைந்திருந்தன. இன்று தெருவில் ஓடும் பல வண்டிகளின் அமைப்பு அதுவே.

எனில், அவ்வண்டி நூறு ஆண்டுகள் ஏன் உறங்கியது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். போல்டனின் மோட்டார் 10 வோல்ட் பாட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கக்கூடியது. பெருக்கினால் 1,000 வாட். அந்த விசையை ஒரு மணி நேரம் பெறுவதற்கு, இன்றைய நல்ல ஈயப் பாட்டரியிலேயே ஏறத்தாழ 30 கிலோ வேண்டும். வண்டியைவிட அதன் உணவு கனமானது! வண்டி கெட்டால் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம் என்பதே மிதிவண்டி வைத்திருப்பவனுக்குள்ள துணிவு. முப்பது கிலோ ஈயத்தை மலைமேல் தள்ள யாருக்குத் துணிவு வரும்?

தீர்வு இரண்டு நாடுகளின் ஆய்வுக்கூடங்களைக் கடந்து மூன்றாவது நாட்டில் பொருளாயிற்று. 1970களில் அமெரிக்காவில் விட்டிங்ஹாம், 1980இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப், 1985இல் ஜப்பானில் யோஷினோ ஆகியோர் படிப்படியாக லித்தியம் பாட்டரியை உருவாக்கினர். 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது; குட்இனஃப் அப்போது 97 வயது முதியவர். நான் ஃபிரைபர்க்கிலிருந்து திரும்பிச் சில மாதங்களில் அச்செய்தி வந்தது. தம்பி மகன் நாள்தோறும் மாடிக்குச் சுமந்த பெட்டிதான் என் நினைவில் எழுந்தது.

மோட்டார் எப்போது உதவவேண்டும் என்ற சிக்கலை 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் அவிழ்த்தது. அதன் வண்டி, மிதிப்பவனின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று உணர்ந்து அதற்கேற்ற விசையைச் சேர்த்தது. அதில் இருந்தது இன்னமும் ஈயப் பாட்டரியே. ஆயினும் 'காலுக்குத் துணை' என்னும் கொள்கை நிலைபெற்றுவிட்டது. 2010இல் பாஷ் என்ற ஜெர்மன் நிறுவனம் மிதிகட்டை அச்சிலேயே அமரும் மோட்டாரோடு இத்துறையில் நுழைந்தது. அதன் தலைமையிடமும் டிரைஸ் பிறந்த அந்த மாநிலத்திலேயே உள்ளது. லித்தியமும், காலை உணரும் மோட்டாரும், மாரின் இளைஞர்களின் தடித்த டயரும் ஒன்று சேர்ந்தபோது மின்விசை மலைமிதிவண்டி உருவாயிற்று. 2019இல் கனடாவில் அதற்கென முதல் உலகப் போட்டியும் நடந்தது.

வண்டி பிறந்துவிட்டது. இனி வளர்ப்பவன் பாடு.

முதலில் சங்கிலி. அச்சில் அமர்ந்த மோட்டாரின் விசை, மனிதக் காலின் விசையோடு சேர்ந்து அதே சங்கிலி வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகிறது. ஒருவர் இழுத்த தேரை இருவர் இழுத்தால் வடத்துக்கு என்ன நேரும் என்பது நாம் அறிந்ததே. சங்கிலியின் கண்ணிகளிலுள்ள ஊசிகள் தேய்கின்றன, சங்கிலி நீண்டுபோகிறது. நீண்ட சங்கிலி பற்சக்கரங்களின் பல்லையும் தின்றுவிடும். இதைக் கண்டறிய உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம் என்பது உலகெங்கும் வழக்கிலுள்ள அளவு. ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். ஒரு பள்ளி அளவுகோலை வைத்துப் பாருங்கள். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது தடை. பத்துக் கிலோ கூடுதல் எடையோடு மலையிலிருந்து இறங்கும் வண்டியை நிறுத்த, சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டை எண்ணெய் அழுத்தத்தால் கவ்வும் தடைகள் இப்போது உள்ளன. குடத்தில் புகை எழுவதில்லை. ஆனால் கவ்வும் வில்லைகள் விரைவில் கரைகின்றன. அவற்றில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிடிப்புப் போய்விடும். சங்கிலிக்கு எண்ணெய் இடும் கை தடைத்தட்டின் பக்கம் போகாமல் இருக்கப் பழகவேண்டும்.

பாட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கருநிறப் பெட்டிக்குள் விரலளவான உருளைக் கலங்கள் ஏறத்தாழ நாற்பது இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மெல்லிய தகடுகள் பாய்போலச் சுருட்டப்பட்டுள்ளன. இரண்டுக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய பிளாஸ்டிக் திரை. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் திரையைக் கடந்து மறுபக்கத்துக் கரித்தகட்டின் அடுக்குகளுக்குள் சென்று அமர்கின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கும்வரை 500 வாட்-மணி ஆற்றலை மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையில் அடக்கிவைக்க முடிகிறது. ஈயத்தில் அதற்குப் பதினைந்து கிலோ வேண்டும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அயனிகள் அடுக்குகளுக்குள் நுழைய இயலாமல் வாயிலிலேயே உலோகமாகப் படிகின்றன. அப்படிவு ஊசிபோல வளர்ந்து திரையைத் துளைக்கவும் கூடும். முழுக்க மின்னேற்றி வெயிலில் வைத்தால் கலம் விரைவில் மூப்படைகிறது. குளிர்காலம் முழுதும் ஓட்டாமல் வைப்பதானால், பாதியளவு மின்னேற்றி, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே முறை. கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியை, ஓடுகிறதே என்று மறுபடி பூட்டுவது பெரும்பிழை. திரை கிழிந்து இரு தகடுகளும் தொட்டுவிட்டால் வெப்பம் எழும். ஒரு கலத்தின் வெப்பம் அடுத்ததைப் பற்றவைக்கும். நாற்பதும் வரிசையாக எரியும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் லித்தியம் பாட்டரிகளால் மூண்ட தீயில் 18 பேர் இறந்தனர். எரிந்தவை மலைமிதிவண்டிகள் அல்ல. பெரும்பாலும் நகரத் தெருவில் ஓடும் மின்வண்டிகள். அவற்றுள் வீடுவீடாக உணவு கொண்டுசெல்லும் ஏழைத் தொழிலாளரின் வண்டிகளும் இருந்தன. சோதனைக்கு உட்படாத மலிவுப் பாட்டரியும், பொருந்தாத மின்னேற்றியும், வெளியேறும் வழியை அடைத்த குறுகிய அறையும் ஒன்று சேர்ந்தால் விபத்துக்கு வேறென்ன வேண்டும்? சோதிக்கப்பட்ட மின்வண்டிகளையும் பாட்டரிகளையும் மட்டுமே விற்கவேண்டும் என்று அந்நகரம் அவ்வாண்டே சட்டம் செய்தது. விமானங்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பயணிகள் கொண்டுசெல்ல இயலாது. "இந்த வண்டியை நம் ஊர் மலைக்குக் கொண்டுபோகலாமே" என்று நான் சொன்னபோது தம்பி மகன் சிரித்ததன் காரணம் அதுதான்.

இனித் திருடனைப் பற்றி. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் மைக்கேல் ஸேன் என்ற இளைஞர், சங்கிலிக்கு மாற்றாக வளைந்த எஃகாலான பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 1972இல் நியூயார்க்கின் தெரு ஒன்றில் அப்பூட்டால் ஒரு மிதிவண்டி முப்பது நாள் கட்டி வைக்கப்பட்டது. கழற்றக்கூடிய உறுப்புகளையெல்லாம் கொண்டுபோனார்கள். பூட்டியிருந்த சட்டமும் பூட்டும் நின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2004இல், அதே வகைப் பூட்டுகள் பலவற்றை ஒரு மலிவான பந்துமுனைப் பேனாவின் குழலைச் செருகித் திறந்துவிடலாம் என்ற செய்தி பரவியது. நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது. பேனாவால் திறக்கமுடியாத பூட்டுகள் பிறகு வந்தன. அவற்றை அறுப்பதற்கோ, கையில் ஏந்தும் அரவை எந்திரம் வந்தது. அதற்கு விசை தருவது எது தெரியுமா? அதே லித்தியம் பாட்டரிதான். மலையேற ஆற்றல் தந்த பொருளே திருடனின் கருவிக்கும் ஆற்றல் தந்துவிட்டது! ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பூட்டை மட்டும் நம்புவதில்லை. சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்து வைக்கிறார்கள். இரவில் வெளியே விடுவதில்லை. பாட்டரியைக் கழற்றிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள்.

வண்டியைக் காப்பது போலவே பாதையைக் காப்பதும் உடையவனுக்கு உரிய கடமையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில், 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திக்கொள்ளும் அமைப்பும் இருந்தால், சட்டம் அதை மிதிவண்டியாகவே கருதுகிறது. மிதிவண்டிக்குரிய கட்டுப்பாடும் அதற்கு உண்டு. கருங்காடு இருக்கும் மாநிலத்தில், காட்டுக்குள் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில், தனியாக அனுமதித்த இடங்கள் தவிர, மிதிவண்டி ஓட்டுவது குற்றம். நடந்து செல்வோர் அஞ்சாமல் போகவேண்டுமல்லவா? வேகத் தடையை இரகசியமாகக் கழற்றி ஓட்டுவோர் அங்கும் உண்டு. அவர்கள் தங்கள் வண்டியை மட்டுமன்றி, மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் பாதையையும் இழக்கச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் முதல் வினாவுக்குத் திரும்புகிறேன். ரீபேக் இளைஞர்கள் தங்கள் வண்டியில் திறக்க முடியாத உறுப்பு ஒன்றுகூட இல்லாதவர்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரரும் அப்படியே. மின்விசை வந்தபின் நிலைமை மாறியது. மோட்டார் மூடி முத்திரையிடப்பட்டது. பாட்டரியும் மோட்டாரும் தங்களுக்குள் குறிமொழியில் பேசிக்கொள்கின்றன. வேற்று நிறுவனப் பாட்டரியை வைத்தால் பல மோட்டார்கள் ஏற்பதில்லை. தவறான கலத்தால் தீ மூளும் என்று நிறுவனங்கள் சொல்லும் காரணத்தில் உண்மை உண்டு, நியூயார்க்கில் கண்டோம். ஆனால் விலை கொடுத்து வாங்கியவன் திறக்கவும் கூடாது, திறந்து தரும் ஆளும் கிடையாது என்றால், அவன் அப்பொருளுக்கு உடையவனா, வாடகைக்கு எடுத்தவனா? ஐரோப்பிய ஒன்றியம் இக்கேள்விக்கு ஒரு பகுதி விடை தந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் பாட்டரிச் சட்டம், இத்தகைய வண்டிகளின் பாட்டரியைத் தயாரிப்பாளரைச் சாராத தொழில் வல்லுநரும் கழற்றி மாற்ற இயலும்படி செய்யவேண்டும் என்கிறது. அதற்குக் குறித்த நாள் 2027 பிப்ரவரி 18. மோட்டாரைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை.

அச்சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, நான் அங்கே தங்கியிருந்த கடைசி வாரத்தில், இதை நேரில் கண்டேன். தம்பி மகனிடம் முன்பு வாங்கிய மின் மலைமிதிவண்டி ஒன்று நிலவறையில் தூசி படிந்து கிடந்தது. நான்காம் ஆண்டில் அதன் மோட்டார் அரைபடும் ஓசை எழுப்பியதாம். வாங்கிய கடையில், "இதைத் திறப்பதில்லை, முழு மோட்டாரையும் மாற்றவேண்டும், இந்த வகை இப்போது வருவதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாண்டாக வண்டி அங்கேயே கிடந்தது. யாரோ சொல்லக் கேட்டு, மலையடிவாரத்தில் ஒரு முதியவரின் பட்டறைக்கு அதைக் கொண்டுபோனோம்.

அவர் அதிகம் பேசவில்லை. மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்து, சுற்றிலும் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கத்தி முனையால் மூடியை நெம்பினார். உள்ளிருந்து காசளவு குண்டு வளையம் ஒன்றை எடுத்து எங்களிடம் நீட்டினார். அது முழுதும் துருவேறி, சுழலாமல் இறுகிக் கிடந்தது. புதிய வளையம் ஒன்றைத் தேடி எடுத்து அமர்த்தி, டப்பாவில் விரலை விட்டுக் கிரீஸ் எடுத்து அப்பினார். எங்கள் ஊர்க் கடைக்காரரின் விரலை நான் அங்கே கண்டேன். மூடியைப் பொருத்திச் சக்கரத்தைச் சுழற்றினார், ஓசை இல்லை.

"இது எதனால் துருப்பிடித்தது?" என்று தம்பி மகன் கேட்டான்.

"வண்டியை எதைக் கொண்டு கழுவுகிறாய்?" என்றார் அவர்.

உயரழுத்தத்தில் நீரைப் பீச்சும் எந்திரத்தால் கழுவுவதாக இவன் சற்றுத் தயக்கத்தோடு சொன்னான். முதியவர் மறுமொழி கூறாமல் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறை மூலையில் இருந்த ஒரு வாளியையும் அதன் விளிம்பில் உலர்ந்துகொண்டிருந்த பழந்துணியையும் காட்டினார்.